பெயர் அச்சான பக்கம்

மாநாடு என்றால் நமக்குத் தெரிந்தது வேறு. பந்தல், கொடி, லாரியில் வந்து இறங்கும் சனம், நள்ளிரவுக்கு மேல் தலைவர் பேச்சு, கடைசியில் தீர்மானம். சில ஆண்டுகளுக்கு முன் நான் போன மாநாட்டில் தீர்மானம் எதுவும் இல்லை. குளிரூட்டிய பெரிய கூடம். நுழைய வரிசை, தின்ன வரிசை, மூத்திரம் போக வரிசை. சித்திரக்கதை போடுகிறவர்கள், விற்கிறவர்கள், படிக்கிறவர்கள் எல்லாரும் மூன்று நாள் கூடுகிற இடம் என்று சொன்னார்கள். இந்தியப் பெருநகரம் ஒன்றில் நடந்தது. நகரத்தின் பேரும் நடத்தியவர்கள் பேரும் இங்கே வேண்டாம். நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. காசு கட்டி மேசை எடுத்து உட்காரப் போனேன். கழுத்தில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டார்கள். அதில் என் பேருக்குக் கீழே 'புரொஃபஷனல்' என்று போட்டிருந்தது.

கூட வந்த என் மகள் (கல்லூரியில் படிக்கிறாள்) அதைப் பார்த்துச் சிரித்தாள். "தொழில் பாக்குறவர்னு போட்டிருக்காங்கப்பா." அவள் சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. திண்டிவனத்துப் பக்கம் எங்கள் தெருவில் தொழில் பார்ப்பது என்றால் ஒரே அர்த்தம்தான். சாவுக்குப் பறையடிப்பது, குழி வெட்டுவது. என் தாத்தா தொழில் பார்த்தவர். அப்பா "இனிமே தொழிலுக்கு வரமாட்டேன்" என்று ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டுப் பண்ணையாளாகப் போனார். எந்த வார்த்தையை எங்கள் வீட்டில் கழற்றிப் போட்டோமோ, அதை நான் காசு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அந்த அட்டை சும்மா கிடைத்துவிடவில்லை. மேசை கேட்டு விண்ணப்பம் போட்டபோது ஒரு கேள்வி இருந்தது. அண்மையில் அச்சான உங்கள் வேலைகள் இரண்டைக் காட்டவும். உங்கள் பெயர் அச்சான பக்கத்தையும் சேர்த்து அனுப்பவும். நியாயமான கேள்விதான். எவன் எவனோ 'நானும் ஓவியன்' என்று வந்துவிடக்கூடாது அல்லவா. ஆனால் என்னிடம் அப்படி இருந்தது ஒன்றரைதான். மகத் குளத்துப் போராட்டத்தைப் பற்றி நானே வரைந்து நானே அச்சடித்த 24 பக்கப் புத்தகம் ஒன்று. நண்பரின் கவிதைத் தொகுப்புக்குப் போட்ட அட்டை அரை. மற்றபடி வரைந்தது கொஞ்சமா? 1991இல் பாபாசாகேப் நூற்றாண்டின்போது விழுப்புரம் வரைக்கும் சுவர் சுவராக அவர் முகத்தை எழுதியிருக்கிறேன். சுவரில் ஓவியன் பேர் போடும் வழக்கம் இல்லை. பெயின்ட்டுக்குக் காசு கொடுத்த மன்றத்தின் பேர்தான் கீழே இருக்கும். அதற்குப் பிறகு சென்னையில் பெயர்பெற்ற ஓவியர் ஒருவரிடம் பதினைந்து வருசம் வேலை. வார இதழில் வந்த சரித்திரப் படக்கதைகளுக்கு அவர் முகங்களைப் போடுவார். மிச்சம் முழுக்க நான். கோட்டை, குதிரை, மரம், மாடு, கூட்டம், சாவு. மை போடுவதும் நான். கையெழுத்து மட்டும் அவருடையது. பக்கத்துக்கு 35 ரூபாய் கொடுத்தார். தூரிகையைச் சரியாகப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான், இதை நான் மறைக்கமாட்டேன். எனக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் அவர் வீட்டு ஜன்னல் ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்ததையும் மறைக்கமாட்டேன்.

மூன்று நாள் முடிந்து ஊர் திரும்பிய பிறகுதான் இந்தமாதிரி மாநாடுகளின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். எனக்கு நேர்ந்தது எனக்கு மட்டும் நேர்ந்ததா என்று தெரிந்துகொள்ளத்தான்.

இந்த ஏற்பாட்டுக்குத் தாய்வீடு அமெரிக்கா. 1964இல் நியூயார்க்கில் ரசிகர்கள் சிலர் கூடியதிலிருந்து தொடங்குகிறது. மறுவருசம் 1965இல் அதே நியூயார்க்கில் நடந்த கூட்டத்தில் பில் ஃபிங்கர் என்பவர் மேடை ஏறினார். வாசகர்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. தெரிய விட்டதில்லை. பேட்மேன் என்ற வௌவால் மனிதன் 1939இல் வந்தபோது 'பாப் கேன்' என்ற ஒரே பேர்தான் அச்சானது. அப்படித்தான் ஒப்பந்தம். முகமூடியும் தோள்துணியும் இப்படி இருக்கட்டும், சாம்பல் நிறமாக இருக்கட்டும், ஊருக்குக் கோதம் என்று பேர் வைப்போம் என்று சொல்லி, முதல் கதை தொடங்கி வருசக்கணக்காகக் கதை எழுதியவர் ஃபிங்கர். அதை 1965இல்தான் வெளியில் சொன்னார். கூட்டத்தில் இருந்த ஜெர்ரி பெய்ல்ஸ் என்ற ரசிகர் கேட்டதை எழுதிச் சுற்றுக்கு விட்டார். பாப் கேனுக்குக் கோபம் வந்துவிட்டது. ரசிகர் இதழ் ஒன்றுக்கு நீளமான கடிதம் எழுதி, படைத்தவன் நான்தான் என்று மறுத்தார். ஃபிங்கர் 1974இல் காசில்லாமல் செத்துப்போனார். 1989இல் கேன் தன் சுயசரிதையில், ஃபிங்கருக்குச் சேரவேண்டிய பேர் சேரவில்லை என்று ஒத்துக்கொண்டார். படத்திலும் புத்தகத்திலும் ஃபிங்கர் பேரைச் சேர்ப்பதாகக் கம்பெனி அறிவித்தது 2015இல். அவர் செத்து 41 வருசம் கழித்து.

இதைச் சாதி என்று சொல்லிவிட முடியாது. சொன்னால் பொய். கேனும் ஃபிங்கரும் பிராங்ஸ் பகுதியின் யூதப் பிள்ளைகள், ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஒருவர் தொட்டால் இன்னொருவருக்குத் தீட்டு இல்லை. ஆனால் கை ஒருத்தனுடையது, பேர் இன்னொருத்தனுடையது என்ற ஏற்பாடு எனக்குப் புதுசாகத் தெரியவில்லை. அதே பாப் கேனுக்காக ஷெல்டன் மோல்டாஃப் என்ற ஓவியர் 1953 முதல் 1967 வரை வெளியே தெரியாமல் வரைந்து கொடுத்தார். அவர் வரைந்ததில் கேனின் பேர் வந்தது. பதினான்கு வருசம்! நான் செய்ததைவிட ஒரு வருசம் குறைச்சல். அங்கே இப்படி வேலை செய்கிறவனுக்கு 'கோஸ்ட்' என்று பேர், அதாவது பேய். நம் பக்கம் பேய்க்குக்கூடத் தனித்தனியாகப் பேர் உண்டு.

இனி சான் டியகோவுக்கு வருவோம். கலிஃபோர்னியாவின் தென்கோடியில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய துறைமுக ஊர். 1970இல் ஷெல் டார்ஃப் என்ற ரசிகரும் அவரோடு சேர்ந்த பள்ளி, கல்லூரிப் பையன்களும் அங்கே ஒரு ஓட்டலின் கீழ்த்தளத்தில் சித்திரக்கதை மாநாட்டைத் தொடங்கினார்கள். மார்ச்சில் ஒருநாள் கூட்டம். ஆகஸ்டில் மூன்று நாள். வந்தவர்கள் சுமார் 300 பேர். எழுத்தாளர் ரே பிராட்பரி வந்தார். ஓவியர் ஜாக் கிர்பி வந்தார். கிர்பி அதற்கப்புறம் சாகும்வரை (1994) அநேகமாக ஒவ்வொரு வருசமும் வந்தார். பையன்கள் சுற்றி உட்கார்ந்து கேட்க, அவர் சொல்லிக்கொண்டிருப்பார். பிழைப்புக்குப் படம் போட்டவனை வாசகன் முதன்முதலாக நேரில் பார்த்தது இப்படிப்பட்ட அறைகளில்தான். அதுவரைக்கும் அவன் முகம் யாருக்கும் தெரியாது.

1975இல் அங்கே ஜெர்ரி சீகலுக்கு விருது கொடுத்தார்கள். சூப்பர்மேன் கதையை எழுதியவர். அவரும் ஓவியர் ஜோ ஷஸ்டரும் 1938இல் சூப்பர்மேனின் உரிமை முழுவதையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தவர்கள். விருது வாங்கிய வருசம் சீகல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. ஷஸ்டருக்குக் கண் பார்வை பெரும்பகுதி போயிருந்தது. சூப்பர்மேன் படத்துக்குக் கோடிக்கணக்கில் பேரம் நடந்த சமயம் அது. சீகல் பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார், வயிறெரிந்து சாபம் விட்ட கடிதம். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் என்ற இரண்டு ஓவியர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஊரைக் கூட்டினார்கள். வருசக் கடைசியில் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும், பேர் போடவும் கம்பெனி சம்மதித்தது. அந்த 130 டாலரும் சேர்ந்த 1938ஆம் வருசத்துக் காசோலை மிச்சமிருந்தது. 2012இல் அந்தக் காகிதத்தை ஏலம் விட்டார்கள். 1,60,000 டாலருக்குப் போனது. வரைந்த கைக்கு 130, கொடுத்த சீட்டுக்கு ஒண்ணரை லட்சத்துக்கு மேல்.

கிர்பி கதை இதைவிட மோசம். 1960களில் மார்வெல் கம்பெனியின் பேர்போன வீரர்களில் பாதிக்குமேல் அவர் கையில் பிறந்தவர்கள். அசல் பக்கங்களைக் கம்பெனி வைத்துக்கொண்டது. 1980களில் மற்ற ஓவியர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு சின்னச் சீட்டில் கையெழுத்து வாங்கினார்கள். கிர்பிக்கு மட்டும் தனியாக நான்கு பக்கப் பத்திரம். பெரிய சண்டையாகி, மாநாட்டு மேடைகளிலும் அது பேச்சாகி, 1987இல் பக்கங்கள் திரும்பி வந்தன. கம்பெனிக்கு அவர் வரைந்தது பத்தாயிரம் பக்கத்துக்கு மேல் இருக்கும் என்று கணக்கு. வந்தது 2,000ஐ ஒட்டித்தான். மிச்சம் எங்கே? கிடங்குகளிலிருந்து களவு போனவை, எவர் எவருக்கோ சும்மா கொடுக்கப்பட்டவை எல்லாம் மாநாடுகளிலேயே வியாபாரிகளின் மேசைகளில் விலைக்கு வந்தன. தான் வரைந்த பக்கம் தனக்கு இல்லை. நாலு மேசை தள்ளி அதற்கு விலை போட்டிருக்கிறது.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், அந்த நாலு மேசையை நான் நடந்திருக்கிறேன்.

மாநாட்டின் இரண்டாம் நாள். மேசையில் காலையிலிருந்து மகத் புத்தகம் மூன்று விற்றிருந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் "என்னை தோர் மாதிரி வரைஞ்சு குடுப்பீங்களா, ஃப்ரீதானே" என்று கேட்டவர்கள். பெரிய பதிப்பகத்திலிருந்து வந்த ஒரு பையன் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, கோடு நன்றாக இருக்கிறது, புராணம் ஏதாவது பண்ணுவீர்களா என்றான். குளத்தில் தண்ணீர் எடுத்ததும் ஒரு புராணம்தான் தம்பி என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அவன்மேல் எனக்குக் கோபமும் இல்லை. மேசையை விட்டு எழுந்திருக்க முடியாது. எழுந்தால் பொருளுக்கு யார் பொறுப்பு? சக ஓவியர்களைப் பார்க்கலாம், பேச்சு கேட்கலாம் என்ற ஆசையில்தான் தொழில்காரன் காசு கட்டுகிறான். மூன்று நாளும் எதையும் பார்க்காமல் போகிறவனும் அவன்தான். மகள் சொன்னாள்: "நீ போப்பா, நான் பாத்துக்கறேன்."

போனேன். நாலாவது மேசையில் பழைய அசல் பக்கங்கள் விற்கும் ஒரு சேகரிப்பாளர். கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு பக்கம் நின்றது. என் 'சார்' கையெழுத்து. விலை 18,000 ரூபாய். இரட்டை மாட்டு வண்டி, பின்னால் கோட்டை வாசல். எனக்கு அந்தப் பக்கம் நினைவில்லை, இரண்டாயிரம் பக்கத்தில் எது நினைவிருக்கும். ஆனால் மாட்டின் கழுத்தைப் பார்த்தேன். நுகத்தடியில் பூட்டாங்கயிறு முடிச்சு. எங்கப்பா போடுகிற முடிச்சு அது. ஒரு சுற்று கூடச் சுற்றி உள்ளுக்குள் செருகுவார், மாடு தலையை ஆட்டினாலும் அவிழாது. சார் பிறந்து வளர்ந்த தெருவில் மாடு பூட்டியவர் யாரும் இல்லை. குனிந்து கிட்டே பார்த்தேன். "தொடாதீங்க சார்" என்றார் கடைக்காரர். மரியாதையாகத்தான் சொன்னார்.

அன்று மாலை சாருக்கு (அவர் காலமாகிவிட்டார்) நினைவு அமர்வு ஒன்று பக்கத்துக் கூடத்தில் இருந்தது. அதற்கு வருகிறேன்.

ஒன்று சொல்லவேண்டும். ஃபிங்கர், சீகல், கிர்பி மூன்று பேர் கதையிலும் மாநாடு வில்லன் இல்லை. கம்பெனியும் ஒப்பந்தமும் மூடிவைத்த பேரை, அந்தக் கீழ்த்தளத்து அறைகளில்தான் வாய்திறந்து சொல்ல முடிந்தது. 'இதைச் செய்தது நான்' என்று ஒருவன் சொல்ல, கேட்க நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எழுதி அச்சடித்துப் பரப்பினார்கள். நம் இதழ்களில் நாம் சாட்சியம் என்று எதைச் சொல்கிறோமோ, அதற்கு அங்கே கிடைத்த மேடை அது. அந்த மேடை பிறகு என்ன ஆனது என்பதுதான் என் ஆதங்கம்.

1976இல் சான் டியகோவில் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் விளம்பரக்காரர் சார்லஸ் லிப்பின்காட், இன்னும் வராத படத்துக்கு ஸ்லைடு போட்டுக் காட்டினார். சுவரொட்டியும் விற்றார். சினிமாக்காரனுக்குச் சித்திரக்கதை வாசகனின் அருமை தெரிந்தது அன்றைக்கு. 1991இல் மாநாடு கடலோரத்துப் பெரிய மாநாட்டு மையத்துக்குப் போனது. இந்த நூற்றாண்டில் கூட்டம் 1,30,000ஐத் தாண்டியது. அங்கே 'ஹால் எச்' என்று ஒரு கூடம், சுமார் 6,500 இருக்கை. அங்கே நடப்பது பெரும்பாலும் படம், தொலைக்காட்சித் தொடர். 2008இல் 'ட்வைலைட்' படத்துக்காக வந்தவர்கள் வெளியே தெருவில் படுத்துக் கிடந்தார்கள். ஒரு அமர்வு முடிந்து கூடத்தைக் காலி செய்வதில்லை. அதனால் சாயங்கால நடிகைக்காக வந்தவன் காலையிலிருந்து அசையாமல் உட்கார்ந்திருப்பான். நடுவில் பேசுகிறவனுக்கு அவன் முன்னால் இருப்பான், காது இருக்காது. ஓவியர்களுக்கென்று ஒதுக்கிய சந்து கூடத்தின் கோடியில். ஓட்டல் அறைக்குக் குலுக்கல். மைல் ஹை காமிக்ஸ் என்ற பழைய வியாபாரி 44 வருசம் விடாமல் கடை போட்டவர், கட்டுப்படியாகவில்லை என்று 2017இல் விலகிக்கொண்டார். தொழில்முறை ஓவியனுக்கு அங்கே இலவச அனுமதி உண்டு, அதற்கு அவன் தன் பேர் அச்சான வேலையைச் சான்றாகக் காட்டவேண்டும். பில் ஃபிங்கர் 1965இல் பேட்மேனைக் கொண்டுபோய் இந்தச் சான்றுக்கு நீட்டியிருந்தால் சீட்டு கிடைத்திருக்காது. அவர் பேரில் விருது ஒன்றை 2005 முதல் அதே மாநாட்டில் கொடுக்கிறார்கள், பேர் கிடைக்காமல் போன எழுத்தாளர்களுக்கு. இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே.

இதுவரை சொன்னவர்கள் எல்லாம் வெள்ளை ஆண்கள். கனெக்டிகட் மாநிலத்துப் பிரிட்ஜ்போர்ட்டில் சித்திரக்கதைப் பக்கங்களுக்கு நிறம் பிரித்துக் கொடுக்கிற வேலை பத்தாண்டுக் கணக்கில் நடந்தது. பக்கம் பக்கமாகக் கையால் செய்தவர்கள் பெண்கள். சூப்பர்மேனின் நீலமும் சிவப்பும் அவர்கள் கைவழியாக வந்தது. எத்தனை புத்தகத்தில் தேடினாலும் அவர்கள் பேர் இருக்காது. ரசிகர்களின் சாட்சிய மேடைக்கும் அவர்களைக் கூப்பிடத் தோன்றவில்லை.

கறுப்பர் கதை இதற்கும் முந்தியது. 1947இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரின் இவான்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர், எழுதுகிறவர் வரைகிறவர் எல்லாரும் கறுப்பர்களாக ஒரு சித்திரக்கதை இதழ் போட்டார். 15 சென்ட். இரண்டாவது இதழ் தயாராக இருந்தது. அச்சடிக்கக் காகிதம் விற்க ஆளில்லை. அதோடு சரி. தடை உத்தரவு, தீ வைப்பு எதுவும் தேவைப்படவில்லை. காகிதம் இல்லை என்று சொன்னால் போதும். சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இது விளங்கும்.

1957இல் இன்னொன்று வந்தது. மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பையும் மார்ட்டின் லூதர் கிங்கையும் பற்றிய 16 பக்கச் சித்திரக்கதை. சமாதான இயக்கம் ஒன்று 10 சென்ட்டுக்கு அச்சடித்துக் கறுப்பர் தேவாலயங்கள் வழியாகவும் கல்லூரிகள் வழியாகவும் கொடுத்தது. பேருந்தில் எப்படி உட்காருவது, அடித்தால் என்ன செய்வது என்று சொல்லித்தருகிற புத்தகம். அதை வரைந்தவர் யார் என்று அறுபது வருசம் தெரியாது. 2018இல்தான் தெரிந்தது, சை பேரி. நமக்குத் தெரிந்த கைதான் அது! 1961 முதல் 1994 வரை 'ஃபேன்டம்' தொடரை வரைந்தவர். ராணி காமிக்ஸில் 'முகமூடி வீரர் மாயாவி' என்று வந்தாரே, அவர்தான். நான் மாயாவியின் தொடைச் சதையைப் பார்த்துப் பார்த்துத்தான் மனித உடம்பு வரையக் கற்றேன். ஒரு வெள்ளைக்காரன் காட்டில் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்து கறுப்பர்களுக்கு நியாயம் சொல்லும் கதை அது. அதை எங்கள் தெருப் பையன்கள் எல்லாம் கைமாற்றிப் படித்தோம், ஒருத்தனும் காட்டுக்காரன் பக்கம் நிற்கவில்லை, எல்லாரும் மாயாவிதான். அந்தத் தொடரை எடுக்கும் முன்பே அதே கை மாண்ட்கோமரிப் பேருந்தை வரைந்திருக்கிறது. தெரிந்திருந்தால் எதைப் பார்த்து வரைந்திருப்பேன் என்று இப்போது யோசித்துப் பயன் இல்லை.

அந்தப் பத்து சென்ட் புத்தகத்தைப் படித்த மாணவர்களில் ஒருவர் ஜான் லூயிஸ். 1965 மார்ச் 7, செல்மா பாலத்தில் போலீஸ் அடித்து மண்டை உடைந்தவர். பின்னால் நாடாளுமன்ற உறுப்பினர். 2008இல் அவர் அலுவலகத்து இளைஞர் ஆண்ட்ரூ ஐடின், விடுமுறையில் சித்திரக்கதை மாநாட்டுக்குப் போகிறேன் என்றபோது மற்றவர்கள் கேலி செய்தார்கள். லூயிஸ் கேலி செய்யவில்லை. எங்கள் போராட்டத்திலும் ஒரு சித்திரக்கதை இருந்தது என்றார். அதிலிருந்து ஐடினும் ஓவியர் நேட் பவலும் சேர்ந்து 'மார்ச்' என்ற மூன்று தொகுதி வந்தது. முதல் தொகுதி 2013. மூன்றாவதுக்கு 2016இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது. மேடையில் லூயிஸ், 1956இல் நூலக அட்டை கேட்டுப் போனபோது இது வெள்ளையருக்கு மட்டும் என்று திருப்பி அனுப்பப்பட்டதைச் சொல்லிக் கண்கலங்கினார்.

2015 சான் டியகோ. ஊரே வேடம் போட்டு வரும் இடம். 75 வயது லூயிஸும் வேடத்தில் வந்தார். 1965இல் செல்மாவில் போட்டிருந்தது மாதிரியே ஒரு மழைக்கோட்டு, முதுகில் ஒரு பை. அன்றைக்கு ஜெயிலில் போடுவார்கள் என்று பையில் இரண்டு புத்தகம், ஒரு ஆப்பிள், ஒரு ஆரஞ்சு, பல்துலக்கும் தூரிகை, பற்பசை எடுத்துப் போயிருந்தாராம். அதே கோலத்தில் பள்ளிப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வியாபாரக் கூடத்தின் நடுவே ஊர்வலமாக நடந்தார். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பக்கம் பெருமை. இன்னொரு பக்கம் சந்தேகம். நாடாளுமன்ற உறுப்பினர் நடந்தால் வழி விடுவார்கள். கோடிச் சந்தில் மேசை போட்ட கறுப்பின ஓவியனுக்கு?

அந்தக் கேள்வியை அவர்கள் முன்னமே கேட்டுவிட்டார்கள். டர்ட்டல் ஆன்லி என்ற ஓவியர் 1993இல் சிகாகோவில் கறுப்பர் சித்திரக்கதைக்கென்று தனி மாநாடு கூட்டினார். 2002இல் ஃபிலடெல்ஃபியாவில், ஒரின் இவான்சுக்குக் காகிதம் மறுத்த அதே ஊரில், யூமி ஓடம் இன்னொன்றைத் தொடங்கினார். 2013இல் ஹார்லெமில் ஷோம்பர்க் நூலகத்தில் ஒரு விழா, நுழைவு இலவசம். பெரிய மாநாட்டையும் விடவில்லை. அங்கேயும் போனார்கள், மேடை கேட்டு வாங்கினார்கள். ஆனால் அதை நம்பி மட்டும் உட்காரவில்லை. நாம் 'பீமாயணம்' (2011) வந்தபோது கொண்டாடினோம். துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு ஓவியர்களின் பேர் அதன் அட்டையிலேயே இருந்தது. கொண்டாடியதோடு நிறுத்திவிட்டோம்.

நினைவு அமர்வுக்கு வருகிறேன். 200 பேர் உட்காரும் கூடம் நிரம்பி வழிந்தது. சாரின் குடும்பத்தினரும் ஒரு பத்திரிகையாளரும் மேடையில். திரையில் பக்கம் பக்கமாக ஓடியது. அவர் கிராமத்தை எவ்வளவு கூர்ந்து கவனித்தார் பாருங்கள் என்று ஒரு மாட்டு வண்டியைக் காட்டிப் பேசினார்கள். கேள்வி கேட்க நடுவில் ஒரு மைக் வைத்திருந்தார்கள். நான் எழுந்து வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் எட்டுப் பேர். கால் நடுங்கியது. சுவரில் பாபாசாகேப் கண்ணாடியை வரையும்போது நடுங்காத கை, மைக்குக்கு நடுங்கியது. என்ன சொல்வது? 'ஐயா, அந்த முடிச்சு எங்கப்பா போட்டது' என்றா? முன்னால் நின்ற ஒரு பையன், சிலந்தி வேடம் போட்டவன், சார் என்ன கம்பெனி தூரிகை வைத்திருந்தார் என்று கேட்டான். நான் வாங்கி வந்த தூரிகை, எனக்குத் தெரியும். மேடையில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது நேரம் முடிந்தது என்றார்கள். அடுத்து ஒரு படத்தின் முன்னோட்டம். கூடம் ஏன் நிரம்பியிருந்தது என்று அப்போதுதான் விளங்கியது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. நான் மட்டும் வெளியே வந்தேன்.

திரும்பி வந்தபோது மேசைக்கு முன்னால் கூடம் பெருக்குகிற அம்மா ஒருத்தர் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு மகத் புத்தகத்தின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு மாநிலத்துக்காரர், பாஷை தெரியாது. அம்பேத்கர் படத்தைக் காட்டி ஏதோ சொன்னார், மகள் ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினாள். மேற்பார்வையாளன் கூப்பிட்டான், வாங்காமல் போய்விட்டார். அடுத்த நாள் தேடினேன், அந்தப் பக்கம் வேறு ஆள்.

மூன்று நாளில் 11 புத்தகம். மேசை வாடகையில் கால்வாசிகூட வரவில்லை. ரயிலில் மகள் கேட்டாள், மைக் கிடைச்சிருந்தா என்னப்பா பேசியிருப்பே? நான் பதில் சொல்லவில்லை.

2023 ஜூலையில் அமெரிக்க நடிகர்கள் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. எழுத்தாளர் சங்கம் அதற்கு முன்பே நிறுத்தியிருந்தது. ஒரு வாரத்தில் சான் டியகோ மாநாடு. நட்சத்திரங்கள் வரவில்லை, பெரிய கம்பெனிகள் ஹால் எச் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. அந்த வருசம் ஓவியர்கள் பக்கம் கொஞ்சம் காற்று வந்தது என்று எழுதினார்கள். சங்கம் வைத்திருந்த நடிகன் வராததால், சங்கம் இல்லாத ஓவியனுக்கு நாலு நாள் கூட்டம். சித்திரக்கதைக்காரர்கள் 1978இல் நீல் ஆடம்ஸ் தலைமையில் ஒரு சங்கம் கட்டப் பார்த்தார்கள், நிற்கவில்லை. துண்டு துண்டாகப் பக்கக் கூலிக்கு வேலை செய்கிறவனைத் தொழிலாளி என்று அங்கே சட்டம் ஒத்துக்கொள்வதில்லை, தனி ஒப்பந்தக்காரன் என்கிறது. பண்ணையாளுக்கும் ஒருகாலத்தில் இதைத்தான் சொன்னார்கள்.

சாரின் குடும்பத்துக்கு ஒரு பதிவுத் தபால் போட்டேன். பணம் கேட்கவில்லை. இனி புத்தகமாக வந்தால் உள்ளே ஒரு வரியில் என் பேரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். தபால் பெற்றுக்கொண்ட அட்டை திரும்பி வந்தது, பதில் வரவில்லை. என்னிடம் அச்சகக் கழிவுத் தாளின் பின்பக்கத்தில் போட்ட பென்சில் நகல்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. எண்ணிப் பார்த்ததில் 63. கொஞ்சம் செல்லரித்திருக்கிறது. தேதி சிலவற்றில் இருக்கிறது. இதழில் வந்த பக்கத்தோடு வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும். மாணவர்கள் யாராவது வந்தால் எடுத்துக் காட்டுகிறேன்.